வெற்றுப் பனியில் ஒரு சதுரம்

பதினான்காவது வளைவிலேயே லென்ஸுக்கு வியர்த்துவிட்டது.
துடைத்தேன். மறுபடி வியர்த்தது.
ஐப்பசியில், அதுவும் ஏற்காட்டில்,
கல்யாணத்துக்கு முந்தைய படம் எடுக்க ஒப்புக்கொள்கிறவளுக்கு
இதெல்லாம் வேண்டியதுதான்.

மிரர்லெஸ் வாங்கி ஒன்பது தவணை முடிந்திருக்கிறது,
இன்னும் பதினைந்து.
ஐந்து ரோட்டுக் கடைக்காரர் சத்தியம் செய்யாத குறை:
"மனுசக் கண்ணு எங்க இருந்தாலும் பிடிச்சுரும்மா,
நீங்க சும்மா அமுக்குனா போதும்."

பிடிக்கிறது. மறுக்கவில்லை.
ஆடியில் கோட்டை மாரியம்மன் கோயில் வாசலில்
வேண்டுதல் தட்டோடு நின்றவளின் முகத்தை விட்டுவிட்டு
தட்டில் கிடந்த வெள்ளிக் கண்மலரைப் பிடித்தது.
அம்மாபேட்டையில் ஒரு புதுமனை புகுவிழா.
வீட்டுக்காரர் பட்டு வேட்டியில் சிரிக்க,
மேலே தொங்கிய திருஷ்டிப் பூசணியின்
உருண்டை விழியில் போய் உட்கார்ந்தது சதுரம்.
மீசையில் தூரிகை இழுத்த கோடுகளை எண்ணலாம்,
அத்தனை துல்லியம்.
வீட்டுக்காரர் மட்டும் ஆவியாய் இருந்தார்.
அவர் மனைவிதான் என்னைக் காப்பாற்றினார்:
"விடும்மா, திருஷ்டியெல்லாம் அவனுக்கே போவட்டும்."

இன்று சௌபர்ணிகாவும் கோகுலும்.
சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே, மிளகுக் கொடிப் பக்கம்.
ஜெயசீலி தங்க நிற ரிஃப்ளெக்டரைத் தூக்கிப் பிடித்து
இல்லாத வெயிலைத் தேடிக்கொண்டிருந்தாள்.
பனி வந்தது.
லென்ஸ் முன்னும் பின்னும் ஓடியது,
சாவி தொலைத்தவன் ஒவ்வொரு பையாகத் துழாவுவதுபோல.
அவள் கண் சிமிட்டினால் அவனுக்குத் தாவும்.
அவன் அவளைப் பார்க்கக் குனிந்தால்
கொடியில் ஒரு மிளகுக் கொத்துக்கு.
ஒரு கொத்தில் எத்தனை கண் இருக்கும்?

கம்பெனிக்காரர்களே,
அடுத்த ஃபர்ம்வேரில் எனக்கு வேகம் வேண்டாம்.
நொடிக்கு முப்பது படம் எடுத்து
முப்பதையும் நான்தான் உட்கார்ந்து அழிக்கிறேன்.
பனிக்குக் கொஞ்சம் பொறுமை வையுங்கள்.
குங்குமப் பொட்டு கண் இல்லை என்று
யாராவது அதற்குச் சொல்லிக்கொடுங்கள்.
எங்கள் ஊர் நிறம்
சாயங்காலம் ஆறு மணிக்கும் முகம்தான் என்பதையும்.
இமை மூடியதும் ஆளே போய்விட்டதாக நினைக்கிறதே,
அதற்கு என்ன செய்வீர்களோ தெரியவில்லை.

நாலேகாலுக்கு
இருவரையும் விட்டுச் சதுரம் இடப்பக்கம் நழுவி
வெற்றுப் பனியில் போய் நின்றது.
தவிக்கவில்லை. துழாவவில்லை.
யாருமில்லாத வெள்ளையில் அப்படி ஓர் உறுதி.
திட்டினேன். தலையில் ஒரு தட்டும் தட்டினேன்,
பதினைந்து தவணை பாக்கி என்பதால் மெதுவாக.
ஜெயசீலி ரிஃப்ளெக்டரைச் சத்தமில்லாமல் இறக்கி,
"அக்கா, வெளிச்சம் போச்சு. கார்கிட்ட எடுக்கலாம்" என்றாள்.
எல்லோரும் முன்னே நடக்க, கடைசியாக வந்தாள்,
முதுகை எங்கள் பக்கம் வைத்து, பின்னடியாக.

குகையில் என் அறை. இரவு பதினொன்று.
ஆயிரத்து நூறில் அந்தப் படத்துக்கு வந்து
பெரிதாக்கினேன்.
பனிக்குள் ஒரு சாம்பல் நெற்றி.
கீழே, ஈரமாக, இரண்டு கண்.
காட்டெருமை. இருபதடி இருக்கலாம்.
ஓரத்தில் மணமக்கள், கரைந்த சோப்புபோல.

போன் போட்டேன்.
கொட்டாவியோடு சொன்னாள்:
"ஆமாக்கா, நின்னுச்சு.
சொல்லியிருந்தா ஓடியிருப்பீங்க.
ஓடுனாத்தான் அது வரும்."

ஆக, கம்பெனிக்காரர்களே, இன்னொன்று.
திரும்பும்போது எதற்குத் திரும்புகிறது என்று
திரை ஓரத்தில் ஒரு வரி.
முடியாவிட்டால் போகிறது,
ஜெயசீலியும் சொல்லவில்லையே.

காலையில் செவ்வாய்ப்பேட்டையிலிருந்து பெண்ணின் அப்பா கேட்பார்,
ஒரு படத்திலாவது ரெண்டு பேரும் தெளிவா இருக்காங்களா என்று.
புது ஃபர்ம்வேர் ஏறிக்கொண்டிருக்கிறது, நாற்பத்தொரு சதவீதம்.
அணைக்க வேண்டாம் என்கிறது.
அணைக்கவில்லை.
லென்ஸுக்கு மூடி மட்டும் போட்டிருக்கிறேன், எதற்கும்.